பீங்கானின் அடியைப் பார்

நோர்வூட்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

அலங்காரக் கிண்ணங்களைச் சேகரிப்பதில் உனக்கு நாட்டம் பிறந்திருப்பதை உன் கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தேன். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தேயிலைத் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைக்காரத் துரைமார் ஊர் திரும்பிய காலத்தில் பங்களாப் பாத்திரங்களும் கைமாறின ஆதலால், நம் பிரதேசத்தில் நல்ல பொருள் அகப்படுவது ஆச்சரியமன்று. எனினும் 'துரை பங்களாச் சாமான்' என்று விற்பவர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பிப் பணத்தை எண்ணிவிடாதே.

பீங்கானை முதலில் கவிழ்த்துப் பார். இங்கிலாந்தின் பதிவு முத்திரை 1842 முதல் 1883 வரை சாய்சதுர வடிவிலும், 1884 முதல் வெறும் இலக்கமாகவும் இருக்கும். அது பாத்திரத்தின் வடிவமைப்பு பதிவான காலத்தைச் சொல்லுமேயன்றி, உன் கையிலுள்ள கோப்பை சூளையிலிருந்து வெளிவந்த காலத்தைச் சொல்லாது. பிறகு விளக்கின் முன் பிடித்து, பின்புறம் விரல்களை அசைத்துப் பார். நிழல் தெரிந்தால் அது எலும்புச் சாம்பல் கலந்த உயர்ந்த பீங்கானாகவோ வேறு நல்ல பீங்கானாகவோ இருக்கும். தெரியாவிடில் பெரும்பாலும் சாதாரண மண்பாண்டமே. பூவேலைப்பாட்டைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், நுண்புள்ளிகள் அச்சையும் தூரிகையின் ஏற்ற இறக்கம் கைத்திறனையும் காட்டிக்கொடுக்கும்.

நீ விசேஷமாகக் கேட்ட இத்தாலியக் கண்ணாடிக்கு வருகிறேன். தீவிபத்துக்கு அஞ்சிய வெனிஸ் அரசு 1291இல் உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றியது முதல் அத்தொழில் அங்கே வேரூன்றியது. வாயால் ஊதிச் செய்த கிண்ணத்தின் அடியில், இரும்புக்கோலிலிருந்து பிரித்த வடுவோ அதைத் தேய்த்து மழுக்கிய வட்டமோ விரலுக்குத் தட்டுப்படும். பக்கவாட்டில் நேர்கோடாய் ஓடும் தையல் அச்சு வார்ப்பின் அடையாளம். அங்குள்ள பட்டறைகள் பலவும் காகிதச் சீட்டையே ஒட்டியமையால், கண்ணாடியில் பெயர் பொறிக்கப்படாமை குற்றமன்று. புதுச் சீட்டு ஒட்டியிருப்பதும் அத்தாட்சியாகாது.

அயல்நாட்டுப் பொருளே உயர்ந்ததென்று எண்ணி, மாத்தளையில் உருவாகும் நொரிட்டாக்கேப் பீங்கானை அலட்சியம் செய்யாதே. பொன் விளிம்புள்ள எதையும் சாம்பலும் புளியும் இட்டுத் தேய்க்காதே; அவை பித்தளைக்கு உரியவை. எந்தப் பாத்திரம் எவரிடமிருந்து, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதை அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவை. பங்களாவில் வேலை செய்த அப்புவின் வீட்டார் சொல்லும் விவரமும் அப்பொருளின் சரித்திரத்தில் ஒரு பாகமேயாகும்.

இவ்வளவையும் கற்பது நீ ஏமாறாதிருப்பதற்காக மட்டுமன்று. லயத்து அலமாரியில் தலைமுறையாய்ப் பாதுகாத்த கிண்ணத்தை அவசரச் செலவுக்காக ஒரு தாய் உன்னிடம் நீட்டும்போது, அதன் மதிப்பை அவள் அறியமாட்டாள், நீ அறிவாய். அந்த அறிவே உனக்குக் கடமையாகிறது. உள்ள மதிப்பைச் சொல்லி, நியாயமான விலை கொடு, இயலாவிடில் வாங்காதே.

இப்படிக்கு,
உன் மாமா