கியூப்சாட்டில் முதல் கருவியை இணைக்கும் இளம் பொறியாளருக்கு

பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரமே கியூப்சாட் எனும் சிறு செயற்கைக்கோளின் அடிப்படை அலகு. அந்தக் கனசதுரத்துக்குள் கருவியையும் கணினியையும் இணைக்க, பஸ் எனப்படும் தரவுத்தடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் எழும்: எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு கருவி பழுதானால் வேறு எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும்? முதல் கேள்வியைக் கணக்கே தீர்த்துவிடும். யோசனை வேண்டியது இரண்டாவதற்கு.

1024க்கு 1024 புள்ளிகள், புள்ளிக்கு 12 பிட் கொண்ட படம் ஒன்று சுமார் 1.26 கோடி பிட். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி தடத்தில், ஒப்புதல் துடிப்பும் சேர்ந்து பைட்டுக்கு 9 துடிப்புகள். படம் கணினிக்கு வந்துசேர 35 நொடிக்கு மேல் ஆகும். அதையே நொடிக்கு 9600 பிட் வானொலியில் தரைக்கு இறக்க ஏறத்தாழ 22 நிமிடம் பிடிக்கும். தாழ்வட்டப் பாதையில் ஒரு தரைநிலையத்துக்குச் செயற்கைக்கோள் தெரிவதோ ஒரு முறைக்குப் பத்து நிமிடம் அளவே. ஆக, இத்தகைய கருவிக்கு நெருக்கடி வானொலியில்தான்.

இனி இரண்டாவது கேள்வி. ஐ2சிக்கு இரண்டே கம்பிகள். ஆனால் பிலிப்ஸ் நிறுவனம் அதை உருவாக்கியது ஒரே பெட்டிக்குள் இருக்கும் சில்லுகளுக்காக. கதிர்வீச்சாலோ இரைச்சலாலோ குழம்பிய கருவி ஒன்று தரவுக்கம்பியைத் தாழ்நிலையில் பிடித்துக்கொண்டால், தடத்தில் உள்ள அத்தனை கருவிகளும் ஊமையாகும். மின்சாரம் நிறுத்தப்பட்ட கருவிகூடத் தன் பாதுகாப்பு டையோடுகள் வழியே கம்பியைக் கீழே இழுக்கலாம். சிக்கிய கம்பியை விடுவிக்க 9 கடிகாரத் துடிப்புகளை அனுப்பிப் பார்ப்பது முதல் வழி; கருவியின் மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் கொடுப்பது அடுத்தது. கருவிக்கொரு இடையகச் சில்லு வைத்துப் பிரிப்பது முன்காப்பு.

எஸ்பிஐ வேகமானது; ஆனால் தரவு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது; எனவே பிழைச்சரிபார்ப்பை மென்பொருள்தான் சேர்க்க வேண்டும். ஆர்எஸ்-422 இரைச்சலைத் தாங்கும். கருவிக்குத் தனி இணைப்பு என்பதால் பழுதும் பரவாது. கார்களுக்காக 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன், பிழையைத் தானே கண்டு செய்தியை மறுபடி அனுப்பும். தொடர்ந்து தவறும் கணு தானாக விலகிக்கொள்ளும். செய்திக்கு 8 பைட், நொடிக்கு 10 லட்சம் பிட் என்பது அதன் மூல வடிவத்தின் எல்லை. நொடிக்குப் பல கோடி பிட் தரும் கருவிக்கு ஸ்பேஸ்வயர் பொருந்தும்.

மின்னழுத்தம், முகவரி, பைட் வரிசை, நேரக்குறி ஆகியவற்றை இடைமுக ஆவணத்தில் எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே மின்பலகை வரையப்பட வேண்டும். சோதனை மேசையில் தரவுக்கம்பியை வேண்டுமென்றே தாழ்நிலையில் பிடித்துவைத்து, செயற்கைக்கோள் தானாக மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். மீளத் தெரியாத தடம், எத்தனை வேகமானாலும், ஏவத் தகுதியற்றது.