தோள்வலியும் இயன்முறை மருத்துவமும்

ஏற்காட்டை அடுத்த நாகலூரில், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகைப் பறிப்போர் ஏணியில் நின்று, கையைத் தலைக்குமேல் உயர்த்தியே உழைப்பர். இவ்வுழைப்பு தொடரின், தசையை எலும்புடன் பிணைக்கும் தோள்நாண்கள் நலிந்து வலிக்கும். அறுவை மருத்துவமே தீர்வு எனப் பலர் அஞ்சுவர்.

2018இல் வெளியான பின்லாந்து ஆய்வில், 210 தோள்வலி நோயாளருள் ஒரு பிரிவினருக்கு நாணை அழுத்தும் எலும்பைச் செதுக்கினர். வேறொரு பிரிவினருக்கு மூட்டினுள் கருவியால் நோக்கியதோடு நிறுத்தினர். ஈராண்டுக்குப் பின் இரு பிரிவினரின் வலியும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது.

முழு ஓய்வில் நாண் வலுப்பெறாது. அளவான சுமையே அதனை வலுப்படுத்தும். எனவே இயன்முறை மருத்துவர் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி தந்து, சுமையைப் படிப்படியாகக் கூட்டுவார். பயன் தெரியப் பல வாரங்கள் ஆகும். நாட்கூலி பெறுவோர்க்கு இக்காத்திருப்பு எளிதன்று. ஏணியிலிருந்து விழுந்து கையைத் தூக்கவே இயலாதோர், காத்திராமல் எலும்பு மருத்துவரைக் காண வேண்டும்.