கைக்கூலிக்குப் பாரத்தில் கட்டமில்லை

கேள்வி: மூன்று மாதத்தில் எனக்கு நிக்காஹ். நிச்சயம் முடிந்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று. இப்போது மாப்பிள்ளை வீட்டார் 30,000 ரிங்கிட்டும் நகையும் கேட்கிறார்கள். "இதுதான் நம் மார்க்க முறை" என்கிறார்கள். அத்தா இபிஎப் பணத்தை எடுக்கப் போகிறார். மறுத்தால் கல்யாணம் நின்றுவிடுமோ?
– வாசகி, பத்துமலை

பதில்: சகோதரி, முதலில் அத்தாவை இபிஎப் பணத்தில் கைவைக்க விடாதீர்கள்.

மார்க்கம் சொல்வது இதற்கு நேர்மாறு. பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுக்கும்படி குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 4ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. அது உங்களுக்கே சொந்தம், அத்தாவுக்குக்கூட அல்ல. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கும் கைக்கூலி ஊர்ப் பழக்கம். நம் முன்னோரோடு கப்பலேறி வந்தது. மணப்பெண் கழுத்தில் கட்டும் கருகமணியும் வழக்கம்தான், ஆனால் அது யார் வீட்டையும் கடனாளியாக்குவதில்லை. விரும்பினால் கட்டிக்கொள்ளுங்கள். அது இல்லாமலும் நிக்காஹ் நிறைவேறும்.

பத்துமலை சிலாங்கூரில் இருப்பதால் 2003ஆம் ஆண்டின் சிலாங்கூர் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். திருமணத்தைப் பதியும்போது மஹராகிய மாஸ் காவினையும், கணவர் மனைவிக்குத் தரும் அன்பளிப்பாகிய பெம்பெரியானையும் குறிக்கச் சொல்கிறது அதன் 21ஆம் பிரிவு. தருவதாகச் சொல்லி இன்னும் தராத பாக்கியைக்கூடக் குறிக்க வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதை எழுத அந்தப் பிரிவு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணச் சட்டம் கைக்கூலியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; மனைவி அதைக் காதி நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கலாம். இங்கே அப்படியொரு பிரிவு இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய இரவு உறையில் வைத்துக் கொடுத்த பணத்துக்குப் பிறகு சாட்சி தேடி அலைந்த அத்தாமார்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணம் நின்றுவிட்டால்? சிலாங்கூர் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படியுங்கள். ஹுக்கும் ஷராக் எனப்படும் இஸ்லாமியச் சட்டப்படி நிச்சயம் செய்துகொண்டவர், மற்றவர் மணக்கத் தயாராக இருக்கும்போது தக்க காரணமின்றிப் பின்வாங்கினால், நிச்சயப் பரிசுகளையோ அவற்றின் மதிப்பையோ திருப்பித் தர வேண்டும். கல்யாண ஏற்பாட்டுக்கு நல்லெண்ணத்தோடு செய்த செலவையும் ஈடுகட்ட வேண்டும். ஷரியா நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கைக்கூலி தராததைத் தக்க காரணமென்று நான் ஏற்கமாட்டேன், முடிவு நீதிபதியுடையது.

அதற்குமுன், இரு குடும்பத்தையும் பள்ளிவாசல் இமாம் முன்னிலையில் உட்காரவைத்து, "எந்த ஆயத்து, எந்த ஹதீஸ்?" என்று அத்தா கேட்கட்டும். அவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். மண்டபம், சமையல், அழைப்பிதழ் ரசீதுகளை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.