பிச்சை என்று ஒரு கொள்ளுத்தாத்தா

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குடும்ப மரம் எழுதத் தொடங்கியிருக்கிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் உன் அப்பா வழிக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் 'பிச்சை' என்று தெரிந்ததும் கூச்சமாகிவிட்டது, யாசகம் எடுத்தவரோ என்று கேட்டிருக்கிறாய். அப்படியெல்லாம் இல்லையம்மா. அந்தப் பெயர் வைத்த வீட்டில் பெரும்பாலும் அதற்கு முன் குழந்தைகள் தவறியிருக்கும்.

என் அம்மா பெயர் குப்பம்மாள் என்பது உனக்குத் தெரியும். அவருக்கு முன் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் தவழும் முன்பே போய்விட்டார்கள். அதனால் இவர் பிறந்ததும் முறத்தில் கிடத்தி, குப்பைமேட்டுக்குத் தூக்கிப்போய் ஒரு புரட்டுப் புரட்டினார்களாம். பக்கத்து வீட்டு அம்மாள் 'கிடந்தது, எடுத்தேன்' என்று தூக்கிக்கொள்ள, பெற்றவள் ஒரு படி தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டாள். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று பிள்ளைகளைச் சீண்டுகிறோமே, அது எங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்தது. யாருக்கும் வேண்டாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. பெரியம்மை 1975 வரை நம் நாட்டில் இருந்ததே, அந்தத் தாய்மார்களுக்கு வேறு என்ன கதி? மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்று வைப்பதும் இதே வகைதான். மராட்டியத்திலும் இது உண்டு. காந்தியைச் சுட்ட கோட்சேவுக்கு முன் பிறந்த மூன்று ஆண் குழந்தைகள் இறந்துபோனதால், அவனுக்கு மூக்குக் குத்திப் பெண்பிள்ளை போல வளர்த்தார்கள். ராமச்சந்திரன், நாதுராம் ஆனது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு உடனே முடிவு கட்டிவிடாதே. நம் பக்கத்தில் தாத்தா பெயர் பேரனுக்கு இறங்கும். அப்படி வந்த பெயராக இருந்தால், இறந்த குழந்தைகளை இன்னும் இரண்டு தலைமுறை மேலே தேட வேண்டும். பிச்சாண்டவரை வேண்டிக்கொண்டு வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அவர் எத்தனையாவது பிள்ளை, அவருடைய தாத்தா பெயர் என்ன, குலதெய்வம் எது என்று முதலில் விசாரி.

விசாரிக்கும்போது, 'கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்' என்று கேட்டால் பிழைத்தவர்களை மட்டும்தான் சொல்வார்கள். 'பாட்டிக்கு எத்தனை பிரசவம்' என்று கேள். அப்போதுதான் எல்லாம் வெளியே வரும். தாலுகா அலுவலகத்தில் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடு பார்க்கக் கிடைத்தால், பிச்சை என்ற பெயரைத் தேடாதே. 'ஆண் குழந்தை' என்று மட்டும் எழுதிப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். தகப்பனார் பெயரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பதிவேட்டிலும் பார். நிலப் பத்திரங்களையும் எடுத்துப் பார். 'சுப்பிரமணியன் என்கிற பிச்சை' என்பது போல இரண்டு பெயரும் அதில் சேர்ந்து இருக்கலாம். அப்படி இருந்தாலும் நீ பிச்சை என்றே எழுது. ஊர் கூப்பிட்டதும் அவர் திரும்பிப் பார்த்ததும் அந்தப் பெயருக்குத்தான்.

அவருக்கு முன் பிறந்து தவறியவர்கள் உண்டென்று தெரியவந்தால், பெயர் இல்லாவிட்டாலும் மரத்தில் அவர்களுக்கும் ஆளுக்கொரு கோடு போட்டுவிடு. அவர்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

உன் பெரிய அத்தைக்கு நினைவு நன்றாக இருக்கிறது, ஆனால் உடம்பு முன்போல் இல்லை. பொங்கல் லீவு வரட்டும் என்று தள்ளாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேள். கேட்டதை எனக்கும் எழுது.

அன்புடன்,
சின்னத்தாத்தா