ஆக்சிடெண்ட் ஆனால் டிரைவர் என்ன செய்யணும்?

"அடிபட்டுச்சுன்னா வண்டிய விட்டுட்டு ஓடிடு" என்பதுதான் லாரி ஓட்டும் என் அப்பாவுக்கு மூத்த டிரைவர்கள் சொல்லித்தந்த பாடம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. காயம்பட்டவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது டிரைவரின் கடமை. சரி, ஜனங்கள் அடிக்க வந்தால்? நியாயமான பயம்தான். சட்டமும் அதை யோசித்திருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் தூக்கிப்போக முடியாவிட்டால் அது குற்றமில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில், ஏன் உதவ முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தலைமறைவானால், 2019 திருத்தத்தின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தரணும். இன்னொன்று, "போலீஸ் வரட்டும்" என்று டாக்டரும் காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியம் பார்க்கணும். அதுவும் இதே பிரிவில்தான் இருக்கிறது.