பேட்டரி வண்டியில் தூரம் போகும் பிள்ளைகளுக்கு

தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் வரை போய்வர வாங்கிய பேட்டரி வண்டியில் கரூர், மதுரை, கன்னியாகுமரி என்று கிளம்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் வரும் என்பதுதான். மணிக்கட்டும் இடுப்பும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. உடம்பைக் கணக்கில் எடுக்காமல் போட்ட பயணத்தில்தான் அடிபடுகிறது. அதனால் இவற்றைச் சொல்கிறேன்.

1. கால் வைக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். எங்களோடு வந்த தம்பி ஒருவர் சார்ஜரையும் துணிப்பையையும் அங்கே அடுக்கியிருந்தார். பாதம் வைக்க இடமில்லாமல் முழங்கால்கள் விரிந்தே இருந்தன. வேடசந்தூரைத் தாண்டி, சாலையோர மணலில் முன்சக்கரம் வழுக்கியபோது அவரால் காலை ஊன்ற முடியவில்லை. கையை நீட்டியபடி விழுந்தார்; காறை எலும்பு முறிந்தது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. கையுறை இல்லாததால் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. முதல் வாரம் அவரை அழவைத்தது அந்த எரிச்சல்தான். சுமை பின் கேரியரில், இருபுறமும் சம எடையாக இருக்க வேண்டும். ரப்பர் கயிறு இழுபடும்; வார் போட்டு இறுக்குங்கள். கட்டி முடித்ததும் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் வரை ஓட்டி, பிரேக் அடித்துப் பாருங்கள். பை நகர்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

2. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட், விரல் மூடிய கையுறை, கணுக்கால் மூடிய ஷூ. வெயிலைக் காரணம் சொல்லிச் செருப்போடு கிளம்பாதீர்கள்.

3. கிளட்சும் கியரும் இல்லாததால் இந்த வண்டியில் கை மணிக்கணக்கில் ஒரே பிடியில் நிற்கிறது. இன்ஜின் அதிர்வும் இல்லை; அதனால் களைப்பு தெரியாமலே ஏறுகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கை ஓரமாகப் போகும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்துங்கள். சார்ஜ் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்து, தண்ணீர் குடியுங்கள்.

4. தூரத்தை வீட்டிலேயே கணக்கிட்டுவிடுங்கள். 3 கிலோவாட்-மணி பேட்டரி, கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி செலவானால் 100 கி.மீ. தரும். 40-இல் போவதைவிட 60-இல் போகும்போது காற்றின் தடை இரண்டு மடங்குக்கு மேல். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை எதிர்த்து ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கம் போனால் கணக்கு இன்னும் சுருங்கும். 20 சதவீதத்தைத் தொடாத கையிருப்பாக வையுங்கள். அந்தத் தம்பியின் கண், மணலில் இறங்கிய நொடியில், திரையில் குறைந்துகொண்டிருந்த சதவீதத்தில் இருந்தது. சார்ஜ் பயம் சாலையிலிருந்து கண்ணைப் பிடுங்கிவிடும்.

5. மலையில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி மேற்கொண்டு மின்சாரத்தை வாங்காது. மோட்டார் தரும் பிரேக் அப்போது கிடைக்காது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் முழுப் பாரமும் பிரேக் பேடுகள் மேல் விழும்.

6. வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜில் போடாதீர்கள். நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். தங்கும் இடத்தில் படுக்கிற அறையிலும் வாசற்படி வழியிலும் சார்ஜ் வேண்டவே வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டின் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏ.ஐ.எஸ். 156-ஐக் கடுமையாக்கியது. அதற்கு முன் வாங்கிய வண்டியானால் தூரப் பயணத்துக்கு முன் பேட்டரியைச் சோதித்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

7. சில வண்டிகளில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றுவது சாலையோரப் பஞ்சர் கடைக்குப் பழக்கமில்லாத வேலை. டியூப்லெஸ் டயரும், பஞ்சர் கிட்டும், சின்னக் காற்றடிப்பானும் கையில் இருக்கட்டும். அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானரைக் கிளம்பும் முன்பே போட்டுப் பாருங்கள்.

8. யாராவது விழுந்தால் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்து வலித்தால் அசையவிடாமல் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, நிர்ணயித்த வரம்புவரை, காயப்பட்டவர் பணம் கட்ட வேண்டியதில்லை. தூக்கிச் செல்பவரைக் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. கேஸுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு வண்டியைப் பாருங்கள். பேட்டரிப் பெட்டி நசுங்கியிருந்தால் சாவியைப் போடாதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், வீட்டுக்குள்ளும் கொண்டுவராதீர்கள். வெட்டவெளியில் தள்ளி நிறுத்திவிட்டு, அந்த வண்டியின் சர்வீஸ் ஆளை வரச்சொல்லுங்கள்.