வயிற்று நோயும் உள்நோக்குப் பரிசோதனையும்

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடைபெற்ற காலத்தில், கடலின் மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டு எவரும் குளிப்புக்கு நாள் குறித்ததில்லை. முதலில் அரசு அலுவலர் படகிற் சென்று, குளிகாரர்களைப் பாரில் இறக்கி, சிப்பிகள் எந்நிலையில் இருக்கின்றன என்று பார்த்து வரச் செய்வர். பின்னர் மாதிரிக்கெனச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்துக்களை மதிப்பிடுவர். அதன் பின்னரே குளிப்பு உண்டா இல்லையா என்பது முடிவாகும். 1961-ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடிக் கடலில் அத்தகைய பெரிய சலாபம் நடைபெறவில்லை. எனினும் அவ்வழக்கம் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பதை அறிய வேண்டுமாயின் உள்ளே சென்று பார்க்க வேண்டும். பார்ப்பதோடு நில்லாமல் மாதிரி எடுத்துச் சோதிக்கவும் வேண்டும்.

வயிற்று நோயைப் பொறுத்தவரை நம்மில் பலர் இதற்கு மாறாகவே நடந்து வருகிறோம். நெஞ்செரிச்சல் என்றால் ஒரு சோடா; வயிற்று வலி என்றால் கடையில் வாங்கிய மாத்திரை; வலி தணிந்தால் நோயும் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். மாதக் கணக்கில் இவ்வாறு கழிந்த பின்னர் மருத்துவமனைக்குச் செல்லும்போது, எளிதில் தீர்த்திருக்கக்கூடிய நோய் முற்றிவிட்டதாக அறிந்து வருந்துகிறோம். இந்நிலையைத் தவிர்க்க உதவுவதே உள்நோக்குப் பரிசோதனை. மக்கள் இதனை ‘எண்டோஸ்கோபி’ என்றும், ‘குழாய் விட்டுப் பார்ப்பது’ என்றும் கூறுவர்.

முற்காலத்தில் இருந்த நிலை

தென்கோடி மாவட்டங்களில் குடற்புண் நெடுங்காலமாகவே மிகுதியாகக் காணப்பட்ட நோயாகும். 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரம் ஏற வந்த குழுவில் இடம்பெற்ற சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மருத்துவமனையைக் காண வந்தார். அங்கு நோயாளிகள் பட்ட துன்பத்தைக் கண்டு, அங்கேயே பணிபுரியத் தீர்மானித்தார். குடற்புண்ணால் வருந்திய ஏராளமானோருக்கு அவர் வயிற்றைத் திறந்து, இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்துத் தைத்து நோயை அகற்றினார். அக்காலத்தில் வேறு வழியில்லை. வயிற்றின் உள்ளே இருப்பதைக் கண்ணாற் காண வேண்டுமாயின் கத்தியே துணை என்ற நிலைமை இருந்தது.

அந்நிலையை மாற்றியதில் நம் நாட்டில் பிறந்த ஒருவருக்கும் பங்குண்டு. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நூல்களைக் கற்றையாகக் கட்டினால் அக்கற்றை வளைந்தாலும் அதன் வழியே உருவத்தைக் காண முடியும் என்று 1954-இல் எடுத்துக்காட்டினார். இதனைக் கொண்டு அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் வளையக்கூடிய உள்நோக்குக் குழாயை அமைத்தார். 1957-இல் அதனை முதலில் தாமே விழுங்கிப் பார்த்து, பின்னரே நோயாளிக்குப் பயன்படுத்தினார். இன்றுள்ள குழாயின் நுனியில் சிறு விளக்கும் நுண்ணிய காமிராவும் உள்ளன. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் உட்பரப்பு தொலைக்காட்சித் திரையில் தெளிவாகத் தெரிகிறது.

குடற்புண் ஏன் உண்டாகிறது?

காரம் தின்பதாலும் கவலைப்படுவதாலுமே குடற்புண் வருகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரன், மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், நோயாளிகளின் இரைப்பையிலிருந்து உள்நோக்குக் குழாய் வழியாக எடுத்த சதைத் துணுக்குகளை ஆராய்ந்து, ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்ற கிருமி அங்கு வாழ்வதைக் கண்டனர். மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்துத் தம் இரைப்பையில் அழற்சி உண்டானதை மெய்ப்பித்தார். 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இக்கிருமி நம் நாட்டில் மிகப் பலருடைய இரைப்பையில் உள்ளது. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையில்லை. சிலருக்குப் புண் உண்டாகிறது. மிகச் சிலருக்குப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயாகவும் முடிகிறது. உப்பு மிகுந்த உணவை நாள்தோறும் உண்பதும் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை செய்யும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கருவாட்டை அறவே விலக்க வேண்டுவதில்லை. அளவோடு உண்பதே நலம்.

குடற்புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் வலி நீக்கும் மாத்திரைகள். உப்பளத்தில் வாருபலகை இழுப்போருக்கும், வலை இழுப்போருக்கும், பனையேறுவோருக்கும் முதுகு வலியும் மூட்டு வலியும் இயல்பு. மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை, இரைப்பையின் உட்பரப்பை அரித்துப் புண்ணாக்கும். சில வேளைகளில் முன்னறிவிப்பாக வலி எதுவும் தோன்றாமலே இரத்தம் கசியத் தொடங்கும். புகையிலையும் மதுவும் இத்தீங்கை மிகுவிக்கின்றன.

யாருக்கு இப்பரிசோதனை வேண்டும்?

வயிற்று வலி வந்த அனைவருக்கும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இளவயதினராய், வேறு அபாயக் குறிகள் இல்லாதவராய் இருப்பின், மருத்துவர் முதலில் மருந்து கொடுத்தே பார்ப்பார். ஆனால் பின்வரும் குறிகளில் ஒன்று காணப்பட்டாலும் தாமதிக்கலாகாது.

1. உணவு விழுங்கும்போது தடைபடுதல்.
2. முயலாமலே உடல் எடை குறைதல்.
3. இரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் கரைத்தாற்போன்ற வாந்தி.
4. தார்போல் கருத்து, ஒட்டும் தன்மையுடைய மலம். (இரும்புச்சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கருக்கும், மருத்துவரிடம் அதனைச் சொல்ல வேண்டும்.)
5. தொடர்ந்து வாந்தி.
6. காரணம் தெரியாத இரத்தசோகை.
7. 50 வயதை அணுகியபின் புதிதாகத் தோன்றி நீடிக்கும் அசீரணம்.

இவற்றுள் இரத்த வாந்தியும், மயக்கத்தோடு கூடிய கரிய மலமும் அவசர நிலைகள். வெளிநோயாளி நாளுக்காகக் காத்திராமல் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மேலும் ஒன்று கூறுவது அவசியம். வியர்வையோடு நெஞ்சில் அழுத்தமும், தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலியும் தோன்றினால், ‘வாயு’ என்று சோடா கொடுத்துப் பொழுதைப் போக்கலாகாது. அது மாரடைப்பாக இருக்கலாம்.

காலையில் சென்று மாலைக்குள் திரும்பலாம்

பரிசோதனையைக் குறித்த அச்சமே பலரைத் தடுக்கிறது. உண்மையில் இதற்காகப் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டுவதில்லை. ஓர் உப்பளத் தொழிலாளி இதற்குச் செல்வதாக வைத்துக்கொண்டு நடைமுறையைக் காண்போம்.

முன்னிரவு உணவுக்குப் பின் அவர் எதுவும் உண்ணலாகாது. காலையில் காப்பியும் கூடாது. இரைப்பை காலியாக இருந்தால்தான் உட்பரப்பு தெரியும். உணவு மூச்சுக்குழாயில் புகும் அபாயமும் இராது. நீரிழிவு மருந்து, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, இதய நோய், மருந்து ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை முன்னரே மருத்துவரிடம் கூற வேண்டும். மருந்துகளைத் தாமாக நிறுத்துவதும் தவறு. பொய்ப்பல் கட்டியிருந்தால் கழற்றி வைக்க வேண்டும்.

தொண்டையில் மரப்பு மருந்து தெளிப்பர். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே ஒரு வளையம் பொருத்தி, குழாயை மெல்லச் செலுத்துவர். குமட்டல் தோன்றும், வலி இராது. குழாய் செல்வது உணவு வழியில் ஆதலால் மூச்சு தடைப்படாது. மூக்கினால் நிதானமாக மூச்சு விட்டால் போதும். பார்க்கும் வேலை 5 முதல் 10 நிமிடங்களில் முடிந்துவிடும். ஐயத்திற்குரிய இடத்தில் கடுகளவு சதைத் துணுக்கை எடுப்பர், அதனால் வலியுண்டாவதில்லை. மாதிரிச் சிப்பியை எடுத்து முத்தை மதிப்பிட்டது போன்றதே இது. கிருமி உண்டா, புற்றுநோய் அணுக்கள் உண்டா என்பதை அத்துணுக்கே தெரிவிக்கும்.

தொண்டை மரமரப்பு நீங்கிய பின்னரே நீர் அருந்தலாம். தூக்க மருந்து கொடுத்திருந்தால் அன்று வண்டி ஓட்டலாகாது. படகேறுவதும், பனையேறுவதும், இயந்திரத்தில் வேலை செய்வதும் கூடாது. ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நலம்.

பெருங்குடலைப் பார்க்கும் ‘கொலனோஸ்கோபி’ சற்று நீண்டது. பெரும்பாலும் அரைமணி நேரம் அளவில் ஆகும். அதற்கு முதல்நாள் எளிய உணவு உண்டு, மருத்துவர் தரும் பேதி மருந்தை நீரில் கலந்து முழுவதும் அருந்திக் குடலைத் தூய்மை செய்ய வேண்டும். மலத்தில் இரத்தம் போவது மூலநோயே என்று தாமாக முடிவு செய்து ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

குடலில் துளை விழுதல், இரத்தக் கசிவு போன்ற தீங்குகள் மிக அரிதாகவே நேரும். எனினும் வீடு திரும்பிய பின் கடும் வயிற்று வலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

பார்ப்பது மட்டுமன்று, தீர்ப்பதும் உண்டு

குழாயின் உட்புறத்தே மெல்லிய கருவிகளைச் செலுத்தும் வழி உண்டு. அதன் வாயிலாக இரத்தம் கசியும் புண்ணுக்கு ஊசி மருந்து செலுத்தியோ, சிறு கவ்வி பொருத்தியோ கசிவை நிறுத்துகின்றனர். ஈரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் புடைத்திருக்கும் இரத்தக் குழாய்களை ரப்பர் வளையம் இட்டு அடக்குகின்றனர். பெருங்குடலில் முளைத்த சிறு கட்டிகளைக் கம்பிச் சுருக்கினால் அறுத்தெடுக்கின்றனர். பின்னர் புற்றாக மாறக்கூடியதை முளையிலேயே களைவது இது. சுருங்கிய உணவுக்குழாயை விரிவாக்கவும் இயலும். இவற்றுட் பல அன்றே வீடு திரும்பக்கூடியவை. இரத்தக் கசிவுள்ளோர் மட்டும் தங்க வேண்டியிருக்கும்.

கடற்கரை ஊர்களில் மீன் முள் சிக்குவது அடிக்கடி நேர்வது. சோற்றுருண்டையையும் வாழைப்பழத்தையும் விழுங்கி முள்ளைத் தள்ள முயல்வது, அதனை மேலும் ஆழமாகக் குத்தச் செய்யலாம். வலி நீடித்தால் மருத்துவரிடம் செல்வதே முறை. முள் உணவுக்குழாயில் இருப்பின் குழாய் வழியாகவே எடுத்துவிடுவர். குழந்தை பொத்தான் போன்ற சிறு பாட்டரியை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அது உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்திற்குள்ளேயே திசுவை அரித்துவிடும்.

கிருமியால் உண்டான குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் 14 நாள் மருந்தே போதும். நெய்யூரில் கத்தியெடுத்துத் தீர்க்க வேண்டியிருந்த நோய் இன்று மாத்திரையால் தீர்கிறது. ஆனால் நான்கு நாளில் வலி நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தினால் கிருமி முற்றும் அழியாது. அடுத்த முறை அம்மருந்துக்கு அது அடங்காமலும் போகலாம்.

ஊராட்சியின் கடமை

நோயாளி முதலில் செல்ல வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்குள்ள மருத்துவர் சோதித்து, தேவையாயின் வட்ட அரசு மருத்துவமனைக்கோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதி அனுப்புவார். உள்நோக்குப் பரிசோதனை எங்கே, எந்தெந்த நாட்களில் நடைபெறுகிறது என்பதை ஊராட்சியினர் அவரிடம் கேட்டறிந்து, அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். இச்சிறு செய்தி தெரியாமல் ஒருநாட் கூலியை இழந்து வெறுங்கையோடு திரும்பும் ஏழைகளுக்கு அது பேருதவியாகும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு அட்டை பெறாதவர் எவரேனும் ஊரில் உண்டா என்று உறுப்பினர்கள் விசாரித்து வழிகாட்டுதல் வேண்டும். நோய் வந்தபின் அட்டைக்கு அலைவதைவிட முன்னரே பெற்றிருப்பது நன்று. கிராம சபை கூடும் நாளில் சுகாதாரப் பணியாளரை அழைத்து, மேற்கூறிய 7 அபாயக் குறிகளையும் யாவரும் அறியப் படிக்கச் செய்யலாம். குடிநீர்த் தொட்டியைத் தூய்மையாக வைப்பதும், கழிப்பிட வசதியைப் பெருக்குவதும் வயிற்று நோயைத் தடுக்கும் பணிகளே.

கடலடியில் இருப்பதைக் கரையில் நின்று ஊகித்து நம் முன்னோர் முடிவு செய்யவில்லை. வயிற்றினுள் இருப்பதையும் நாம் ஊகத்திற்கு விட்டுவிட வேண்டுவதில்லை. ஒரு காலைப் பொழுதின் பட்டினியும், பத்து நிமிடத்துக் குமட்டலும் ஓர் உயிரைக் காக்கும் என்றால், அதற்கு அஞ்சி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக் காலங்கடத்துவது அறிவுடைமை ஆகாது. அபாயக் குறி கண்ட அன்றே புறப்படுக. அண்டை வீட்டாரிடம் கண்டால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுக.